அம்மாவின் விரலைப் போன் ஏன் கண்டுகொள்வதில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 68 வயது. ஆயுள் முழுக்க நாற்று நட்டும் களை பறித்தும் காய்த்துப்போன கை. நீங்கள் வாங்கிக் கொடுத்த புதுப் போனில் அவர் நான்கு முறை தொட்டால் ஒரு முறைதான் வேலை செய்கிறது. அதே போனை நீங்கள் கையில் வாங்கித் தொட்டால் உடனே திறக்கிறது. முன்பு வீட்டில் இருந்த பழைய நோக்கியா டச் போன் நகத்தால் அழுத்தினாலும் கேட்டது. "எங் கையில கரண்டு செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா போனைத் தொடுவதையே விட்டுவிட்டார். அது உண்மையா, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கண்ணாடிக்கு மேலே விரல் வந்திருப்பது போனுக்கு எப்படித் தெரிகிறது என்பது ஒன்று. தெரிந்த பிறகு, அந்தத் தொடலுக்கு என்ன பொருள் என்று போன் எப்படி முடிவெடுக்கிறது என்பது இன்னொன்று. அம்மாவின் சிக்கல் இந்த இரண்டில் எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொடுதிரைக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு மென்பொருள் எழுதி, அதன் உணர்திறனைச் சரிசெய்வதே பதினோரு ஆண்டுகளாக என் வேலை. அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன். நான் தோல் மருத்துவர் இல்லை, உங்கள் போனையும் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அம்மாவின் கரண்டு. அவர் கையில் எதுவும் சாகவில்லை, இது உறுதி. உடம்பில் ஓடும் மின்சாரத்தையோ உடல் சூட்டையோ போன் திரை தேடுவதே இல்லை. தோல் சீவிய ஒரு கேரட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் நுனியால் திரையைத் தொட்டுப் பாருங்கள், திரை கேட்கும். 2010 குளிர்காலத்தில் தென்கொரியாவில் கையுறையைக் கழற்ற மனமில்லாதவர்கள் சாசேஜ் துண்டால் போனை இயக்கினார்கள் என்று செய்தியே வந்தது. திரைக்குத் தேவை, உப்பும் ஈரமும் கலந்த, மின்சாரத்தைக் கடத்தக்கூடிய பெரிய பொருள் ஒன்று அருகில் வருவது. மனித உடல் அப்படிப்பட்ட ஒன்று, அவ்வளவுதான். அம்மாவின் உடலும் உங்கள் உடலும் இந்த விஷயத்தில் ஒன்றே.

பழைய நோக்கியா ஏன் நகத்துக்கும் கேட்டது? 2008இல் வந்த நோக்கியா 5800 போன்ற போன்களில் இருந்தது அழுத்தத்தால் இயங்கும் திரை. வளையக்கூடிய பிளாஸ்டிக் படலம் மேலே, கண்ணாடி கீழே. இரண்டின் உட்பக்கத்திலும் மின்சாரத்தைக் கடத்தும் கண்ணாடி போன்ற பூச்சு. இடையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பொடிப்பொடியான புள்ளிகள். அழுத்தினால் மேல் படலம் வளைந்து கீழ்ப்பூச்சைத் தொடும். ஒரு படலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்னழுத்தம் கொடுத்து, தொட்ட இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று மறு படலம் வழியாக அளந்தால் இடம்–வலம் தெரிந்துவிடும். படலங்களை மாற்றி அளந்தால் மேல்–கீழ் தெரியும். நகம், பேனா மூடி, தீக்குச்சி எதுவானாலும் அழுத்தம் இருந்தால் போதும். ஆனால் பிளாஸ்டிக் கீறல் விழும், வெளிச்சம் குறையும், எளிய வடிவத்தில் இரண்டு விரலைப் பிரித்து அறியாது. 2007இல் ஐபோன் வந்த பிறகு சந்தை மெல்ல மெல்ல வேறு வகைக்கு மாறியது. அந்த மாற்றத்தில் நமக்குக் கிடைத்தவை அதிகம். அழுத்தினால் போதும் என்ற எளிமை போனது மட்டும் உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு நஷ்டம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போதைய திரையில் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத வலை ஒன்று இருக்கிறது. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும், சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் கடத்திப் பட்டைகள். இரண்டு பட்டைகள் குறுக்கிடும் ஒவ்வொரு இடமும் ஒரு குட்டி மின்தேக்கி. வீட்டில் சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் மாற்றும் கன்டென்சரும் மின்தேக்கிதான். அதன் அளவு பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். போன் திரையின் ஒரு சந்திப்பில் இருப்பது ஏறத்தாழ ஒரு பிக்கோஃபாரட், ஃபேன் கன்டென்சரில் 25 லட்சத்தில் ஒரு பங்கு. சில்லு ஒரு பட்டையில் மின்துடிப்பை அனுப்பி, குறுக்குப் பட்டையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்கிறது. விரல் அருகே வந்தால் அந்த மின்புலத்தில் ஒரு பகுதி விரல் வழியாக உடலுக்குத் திரும்பிவிடும், எதிர்ப்பக்கம் வந்து சேர்வது குறையும். ஏற்கெனவே சிறிய அந்த ஒரு பிக்கோஃபாரட்டில் ஒரு சிறு பங்குதான் குறைகிறது. இதை எல்லாச் சந்திப்பிலும் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அளந்து, "யாரும் தொடாதபோது இவ்வளவு இருக்கும்" என்று நினைவில் வைத்திருக்கும் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. வித்தியாசம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அதற்குப் பெயர் தொடல். தாண்டாவிட்டால், விரல் கண்ணாடியில் நன்றாகப் பதிந்திருந்தாலும், சில்லைப் பொறுத்தவரை அங்கே யாரும் இல்லை.

அம்மாவின் கை மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த எல்லைக்கோட்டில்தான். விரல் நுனியில் வெளிப்புறமாக இருப்பது காய்ந்த, செத்த தோலடுக்கு. அது மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே இருக்கும் ஈரமான சதைதான் கடத்தும். மின்தேக்கி பற்றிப் பள்ளியில் படித்த பாடம் இங்கே அப்படியே பொருந்தும். பரப்பு குறைந்தாலும் இடைவெளி கூடினாலும் மின்தேக்குத்திறன் குறையும். காய்ப்பு ஏறிய விரலில் அந்தச் செத்த அடுக்கு தடிமனாக இருப்பதால் கடத்தும் சதை கண்ணாடியிலிருந்து தள்ளிப்போகிறது. போனின் மேல்கண்ணாடியே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. அங்கே அரைக்கால் மில்லிமீட்டர் கூடினாலும் வேறுபாடு தெரியும். போதாக்குறைக்கு, கெட்டியான தோல் கண்ணாடியில் மெத்தென்று பரவாமல் புள்ளியாக நிற்கும், பரப்பும் குறைந்துவிடும். வயதானால் தோல் வறண்டுபோவதும் இதோடு சேர்கிறது. இந்தத் திசையில் விளைவு இருக்கும் என்பது உறுதி. உங்கள் அம்மா விஷயத்தில் இது எத்தனை பங்கு என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது.

அந்த எல்லைக்கோட்டை யார் வரைகிறார்கள் என்று கேட்டால், என்னைப் போன்றவர்கள். கோட்டைத் தாழ்த்தினால் மெல்லிய தொடலும் பதிவாகும். கூடவே மட்டமான சார்ஜரிலிருந்து வரும் இரைச்சலும் திரையில் விழுந்த தண்ணீரும் தொடலாகப் பதிவாகி, போன் தானாகவே எதையெதையோ திறக்கும். கோட்டை உயர்த்தினால் அந்தத் தொல்லை போகும், சில விரல்கள் வெளியே நின்றுவிடும். ஆய்வகத்தில் நாங்கள் இதை விரல் அளவுள்ள பித்தளை உருளைகளை வைத்தும், பிறகு எங்கள் விரல்களை வைத்தும் சரிபார்ப்போம். எங்கள் விரல் என்றால் ஏசி அறையில் விசைப்பலகை தட்டும், முப்பது வயதைத் தாண்டாத விரல்கள். ஒருநாள் எங்கள் கட்டடத்தில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் ஒருவரை அழைத்துச் சோதனைத் திரையைத் தொடச் சொன்னேன். என் விரலுக்குக் கணினி வரைபடத்தில் எழுந்த மேட்டில் அவர் விரலுக்குப் பாதிகூட எழவில்லை. "சிமிண்டு தின்ன கை சார், மன்னிச்சுக்குங்க" என்றார். அவர் மன்னிப்புக் கேட்டது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. குறை எங்கள் கோட்டில் இருந்தது, கேட்டவர் அவர். அதன் பிறகு நான் பொறுப்பில் இருந்த எந்தச் சோதனையும் காய்த்த கைகள் இல்லாமல் முடிந்ததில்லை. உங்கள் அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. எனக்கு உங்கள் கேள்வியில் முதலில் கண்ணில் பட்டதும் அதுதான். "போனைக் கையில் வாங்கித் தொட்டால்" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா எப்படித் தொடுகிறார்? எனக்குத் தெரிந்த பெரியவர்கள் பலர் போனைக் கட்டிலிலோ மேஜையிலோ வைத்துவிட்டு ஆட்காட்டி விரலால் மட்டும் தொடுவார்கள். கீழே விழுந்துவிடும் என்ற பயம். விரல் வழியாக உடலுக்குப் போன மின்புலம் சுற்றி வந்து போனுக்குள்ளே முடிய வேண்டும். போனைக் கையில் பிடித்திருந்தால் அந்தக் கை வழியாகவே சுற்று முடிந்துவிடும், வித்தியாசம் நன்றாகத் தெரியும். மெத்தைமேல் தனியாகக் கிடக்கும் போனுக்கு அந்தத் திரும்பும் வழி மிகப் பலவீனம். அதனால் அதே விரல், அதே கண்ணாடி, ஆனால் சில்லு காணும் வித்தியாசம் சிறிதாகிவிடும். நல்ல சில்லுகள் இதை ஓரளவு ஈடுகட்டும், விலை குறைந்த போன்களில் அது சுமாராகத்தான் இருக்கும். காய்ந்த விரலும் கட்டில்மேல் கிடக்கும் போனும் சேர்ந்தால் தொடல் பதிவாகாமல் போவதில் வியப்பில்லை. எனவே மற்ற எதையும் செய்யுமுன், போனை இடது உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு தொடச் சொல்லுங்கள். விழுந்துவிடும் பயம் இருந்தால் பின்பக்கம் மாட்டும் வளையமோ கழுத்துக் கயிறோ வாங்கிக் கொடுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. திரை விரலை ஒழுங்காகவே உணர்ந்திருக்கலாம், ஆனால் அம்மா சொன்னதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டிருக்கலாம். மௌஸில் அம்புக்குறியை நகர்த்துவது ஒரு நிலை, பொத்தானை அழுத்துவது இன்னொரு நிலை. கை இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல முடியும். தொடுதிரையில் விரல் இருக்கிறது, இல்லை என்பது மட்டுமே. தேர்ந்தெடு, இழு, அழுத்திப் பிடி என்ற மூன்றையும் அந்த ஒரே சைகையிலிருந்துதான் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு மென்பொருளிடம் இருப்பவை நேரமும் நகர்வும். விரல் சட்டென்று வந்து அதே இடத்தில் எழுந்தால் தேர்வு. கொஞ்சம் நகர்ந்தால் உருட்டல். அரை நொடி அளவுக்கு அசையாமல் இருந்தால் அழுத்திப் பிடித்தல். அதனால்தான் பெரும்பாலான பொத்தான்கள் விரல் பட்டவுடன் வேலை செய்யாமல், விரலை எடுக்கும்போது வேலை செய்கின்றன. விரல் பட்ட கணத்தை எடுத்துக்கொள்வதா, எழும் கணத்தை எடுத்துக்கொள்வதா என்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் குழு ஒப்பிட்டு 1988இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் படிப்பது. எழும் கணமே பிழையைக் குறைத்தது. ஆனால் அது விரலைச் சட்டென்று எடுக்கத் தெரிந்தவர்களுக்குச் சாதகமான ஏற்பாடு. காலிங் பெல் அழுத்திப் பழகியவர் அழுத்தி வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பார். போன் அதை "அழுத்திப் பிடித்தல்" என்று எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு பட்டியலைத் திறக்கும். அவர் பயந்து இன்னும் அழுத்தமாக அழுத்துவார். அழுத்தமாக அழுத்தும்போது விரல் லேசாக வழுக்கும், அது உருட்டலாகிவிடும்.

குறி தவறுவதிலும் விரலைக் குறை சொல்ல வழியில்லை. 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் கண்ட விதி இன்றும் நிற்கிறது: இலக்கு எவ்வளவு தூரமோ, எவ்வளவு சிறியதோ, அதைத் தொட அவ்வளவு நேரம் பிடிக்கும், அவசரப்பட்டால் தவறும். விரல் தன் இலக்கைத் தானே மறைத்துக்கொள்வது இதற்கு மேல் ஒரு தொல்லை. கிறிஸ்டியன் ஹோல்ஸ், பேட்ரிக் பௌடிஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இலும் 2011இலும் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டியது எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. நாம் குறிபார்ப்பது விரலின் மேற்பக்கத்தை, அதாவது நகப்பக்கத்தை வைத்து. திரை அளப்பது அடியில் பதிந்த சதையின் நடுப்புள்ளியை. இரண்டும் ஒரே இடம் கிடையாது, விரலின் சாய்வும் ஆளும் மாற மாற அந்த விலகலும் மாறும். அதனால்தான் ஆண்ட்ராய்டு தன் பொத்தான்களுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் அளவாவது வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. எல்லாச் செயலிகளும் அதைக் கடைப்பிடிப்பதில்லை என்பது கண்கூடு.

விரலால் திரையைத் தொடுவது ஒன்றும் போனோடு பிறந்த யோசனை இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் மால்வர்னில் இருந்த ராயல் ரேடார் நிறுவனத்தில் ஈ. ஏ. ஜான்சன் 1965இல் இதைப் பற்றி எழுதியபோது மனதில் வைத்திருந்தது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை. 1970களில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் பெண்ட் ஸ்டம்பே செய்த திரையில் இருந்தவை மொத்தம் 16 பொத்தான்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி 1972இல் திரையை 16க்கு 16 கட்டங்களாகப் பிரித்து, அகச்சிவப்புக் கதிர் தடைபடுவதை வைத்து விரலைக் கண்டுபிடித்தது. இப்போது பள்ளிகளில் மாட்டும் பெரிய ஸ்மார்ட் போர்டுகள் பலவற்றில் இருப்பதும் அதே அகச்சிவப்பு முறை. அதனால் அவை குச்சிக்கும் கேட்கும். அந்தக் காலத்துத் திரைகளில் எல்லாமே பெரிது, எண்ணிக்கை குறைவு, யார் தொடப்போகிறார்கள் என்பதும் தெரியும். எல்லோர் கையிலும் போகும் பொருளாக அது மாறியபோது இலக்குகள் சிறிதாயின.

ரேஷன் கடையில் கைரேகை விழாமல் போவதையும் இதையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். அங்கே ரேகையின் மேடுபள்ளங்கள் தெளிவாக விழ வேண்டும், தேய்ந்த ரேகை உண்மையிலேயே சிக்கல். போன் திரைக்கு ரேகை தேவையே இல்லை.

இப்போது எந்தப் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிப்போம். ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் போனைப் பற்றிய பகுதியில் பில்டு எண்ணை ஏழு முறை தொடுங்கள், டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் தொடல்களைத் திரையில் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு அம்மாவை வழக்கம்போலத் தொடச் சொல்லுங்கள், குறுக்கே எதுவும் சொல்லாதீர்கள். விரலுக்கு அடியில் வெள்ளைப் புள்ளி வராவிட்டால் அல்லது விட்டு விட்டு வந்தால், கோளாறு உணரும் பக்கம். புள்ளி ஒழுங்காக வந்தும் செயலி திறக்காவிட்டால், கோளாறு புரிந்துகொள்ளும் பக்கம். புள்ளி நகர்வதையும் நெடுநேரம் நிற்பதையும் நீங்களே பார்ப்பீர்கள்.

உணரும் பக்கம் என்றால், கையில் பிடித்துப் பார்த்த பிறகு, ஈரத் துணியில் விரலை ஒற்றிவிட்டுத் தொடச் சொல்லுங்கள். உடனே சரியானால் காரணம் வறட்சிதான், தினமும் இரவில் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவி வந்தால் பலன் இருக்க வாய்ப்பு உண்டு. ஈரம் சொட்டச் சொட்டத் தொடக் கூடாது. தண்ணீரும் கடத்தும் என்பதால் விரலைப் பல பட்டைகளுக்கு இழுத்துப் பரப்பி, சில்லைக் குழப்பிவிடும். விரலின் கூர்நுனியை விட்டு, சதைப்பற்றான பகுதி படும்படி விரலைச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், பரப்பு கூடும். ஒட்டியிருக்கும் டெம்பர்டு கிளாஸ் தடிமனாகவோ ஓரம் தூக்கிக்கொண்டோ இருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். இடையில் காற்று புகுந்தால் சில்லு காணும் வித்தியாசம் வெகுவாகக் குறையும். பல போன்களில் தொடு உணர்திறனைக் கூட்டவோ கையுறை முறைக்கு மாற்றவோ ஒரு பொத்தான் இருக்கும், அது நான் சொன்ன கோட்டைத் தாழ்த்துவதுதான். அதைப் போட்டபின் சார்ஜ் ஏறும்போது போன் தானாக எதையாவது திறந்தால் சார்ஜரை மாற்றுங்கள்.

புரிந்துகொள்ளும் பக்கம் என்றால், அமைப்புகளில் அணுகல்தன்மை (Accessibility) பகுதியில் அழுத்திப் பிடிக்கும் நேரத்தை நீட்டிவையுங்கள். ஐபோனில் இன்னும் நுணுக்கமாக, எவ்வளவு நேரம் தொட்டால் கணக்கில் எடுக்க வேண்டும், அடுத்தடுத்த தொடல்களை விட்டுவிட வேண்டுமா என்றெல்லாம் அமைக்கலாம். முகப்பில் அம்மா உண்மையில் பயன்படுத்தும் நான்கைந்து செயலிகளை மட்டும் பெரிய அளவில் வைத்து மற்றவற்றை அகற்றுங்கள். அழைப்பு வந்தால் இழுக்க வேண்டியிருப்பது பெரியவர்களுக்குப் பெரும் தடை. சில போன்களில் ஒரே தொடலில் எடுக்கும்படி மாற்றலாம், அமைப்புகளில் தேடிப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் திரையின் ஒரே பகுதியில் மட்டும், உங்கள் விரலுக்கும்கூட, புள்ளி வராமல் போனால் திரையே பழுது. கடைக்காரர் காம்போ, அதாவது காட்சித்திரையும் தொடுகண்ணாடியும் சேர்ந்த தொகுப்பு, மாற்ற வேண்டும் என்று சொல்வார், அது நியாயம்தான். ஆனால் மாற்றிப் போடும் மலிவான திரைகளின் உணர்திறன் பல சமயம் பழையதைவிட மோசமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மாற்றியபின் காசு கொடுக்குமுன் அம்மாவே தொட்டுப் பார்க்கட்டும். புதுப் போன் வாங்குவதானாலும் அவரைக் கூட்டிப்போங்கள். கடை மேஜையில் போனை வைத்தபடியே, கையில் எடுக்காமல், அவர் விரலால் பத்து முறை தொடட்டும், திரைக்கு அதுதான் கடினமான சோதனை. கண்ணாடி ஒட்டியபின் இன்னொரு பத்து முறை.